பிளீச்சிங் பவுடர் மேல ஆசிட்: எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா போதுமா?

கொளத்தூர் வாசு:
"பாத்ரூம் தரையில இருக்கிற போர் தண்ணிக் கறைக்கு பிளீச்சிங் பவுடர் தூவி, மேல ஆசிட் ஊத்துங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா பயமில்ல"ன்னு காலையில ஒரு அக்கா இங்க எழுதியிருக்காங்க. அதுக்கு நாற்பது லைக் வேற! ரெண்டும் சேர்ந்தா வர்றது குளோரின். 1915ல பெல்ஜியம் போர்க்களத்துல ஜெர்மன் படை திறந்துவிட்ட அதே வாயு.

மாதவரம் அக்கா:
அந்த அக்கா நான்தான் தம்பி. பதினெட்டு வருஷமா இப்படித்தான் கழுவுறேன். குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். ஃபேன் போடாம செய்யச் சொல்லலையே.

கொளத்தூர் வாசு:
ஃபேன் எங்க இருக்கு? கூரையை ஒட்டி. குளோரின் காத்தைவிட ரெண்டரை மடங்கு கனம், தரையோட படியும். குத்தவச்சு தேய்க்கிறப்ப உங்க மூக்கு எங்க இருக்கும்?

பம்மல் பாலா:
கார்பன் டை ஆக்ஸைடும்தான் கனம். அது தரையிலயே படுத்துக்கிடக்கா? ஃபேன் ஓடினா கீழ இருக்கிறதும் மேல வந்து வெளியேறிடும். பிளஸ் டூ படிச்ச எல்லாரும் விஞ்ஞானி ஆயிட்டாங்க.

கொளத்தூர் வாசு:
மேல வர்ற வழியில மூக்கு இருக்கே சார்! எங்கம்மா பவுடர் தூவின தரையில ஆசிட் ஊத்துனாங்க. ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. தாழ்ப்பாளைத் தடவித் தடவி, கண்ணைத் திறக்க முடியாம வெளிய வந்தாங்க. ரெண்டு ராத்திரி படுக்க முடியல, தலகாணியைச் சாய்ச்சு உக்காந்தே இருமினாங்க. இனிமே என்கிட்ட ஃபேன் கதை சொல்லாதீங்க.

செடி வளர்க்கும் செல்வி:
இதுக்குத்தான் வினிகரும் சமையல் சோடாவும் போதும்னு தலையால அடிச்சுக்கிறேன்.

பம்மல் பாலா:
ரெண்டையும் கலந்தா ஒண்ண ஒண்ணு முறிச்சுக்கும். நுரையைப் பார்த்து சந்தோஷப்படலாம், கறை அப்படியே இருக்கும்.

கொளத்தூர் வாசு:
செல்வி மேடம், பிளீச்சோட வினிகர் சேர்ந்தாலும் குளோரின்தான், அதையும் எழுதுங்க. உப்புக் கறைக்கு ஆசிட் தனியா ஊத்தி, தண்ணி விட்டு நல்லா அலசுங்க. பிளீச்சிங் பவுடர் இன்னொரு நாள்.

மாதவரம் அக்கா:
போன மாசம் கேஸ் கசிஞ்சா ஃபேன் போடக்கூடாதுன்னு சண்டை போட்டதும் இந்தத் தம்பிதான். ஃபேன் மேல என்ன கோபமோ!

கொளத்தூர் வாசு:
அதுவும் சரிதான். சிலிண்டர் கேஸும் காத்தைவிட கனம். சுவிட்சுல ஒரு பொறி தெறிச்சா போதும். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துட்டு, வெளிய வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906க்குக் கூப்பிடணும். அப்பவும் நீங்க ஒத்துக்கல.

மாதவரம் அக்கா:
இப்பவும் ஒத்துக்கல. என் பாத்ரூம் தரையில முகம் பார்க்கலாம், வந்து பாருங்க.

பம்மல் பாலா:
கார்பன் டை ஆக்ஸைடுக்கு இன்னும் பதில் வரல.

கொளத்தூர் வாசு:
ஃபேன் மேல. வாயு கீழ. எத்தனை தடவை கேட்டாலும் இதேதான் சொல்லுவேன்.