ஊதிறக்கை மாதிரி: சட்டென்று ஏறுகிறது, இறங்கத்தான் மாட்டேன் என்கிறது

சிப்புட் சிறகு:
வணக்கம். நகர வான்டாக்சிக்கான குறுந்தூர விமானத்தின் மாதிரி ஒன்றை சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் திடலில் ஓட்டுகிறோம். இறக்கை 2 மீட்டர் நீளம், 28 செ.மீ. அகலம், மொத்த எடை 4 கிலோ. இது ஊதிறக்கை வகை: புரொப்பெல்லர் காற்றை இறக்கைமேல் ஊதித் தூக்குவிசையைக் கூட்டுவது. இறக்கையின் முன்விளிம்பில் 8 மோட்டார், 5 அங்குலப் புரொப்பெல்லர், நிமிடத்துக்கு 22,000 சுற்று. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை) 30 பாகை. நாலு மீட்டரில் எழும்பிவிடுகிறது. இறக்கும்போது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருகிறோம்; திராட்டலை (மோட்டார் விசையை) குறைத்தால் பொத்தென்று விழுகிறது. குறைக்காவிட்டால் மிதந்துகொண்டே கடைசிச் செம்பனை வரை போகிறது. சத்தத்துக்கு லயத்து வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். எங்கே கை வைப்பது?

பீடோர் விசை:
தம்பி, ஃபிளாப்பில் கை வையுங்கள். புரொப்பெல்லர் காற்று இல்லாமல் இந்த இறக்கை பறக்க விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகம் தேவை. நீங்கள் 5-இல் வருகிறீர்கள். திராட்டலைக் குறைத்தால் தூக்குவிசையும் சேர்ந்தே போய்விடும், அதனால்தான் விழுகிறது.

30 பாகையில் மோட்டார் தள்ளுவதில் பெரும்பங்கு இன்னும் முன்னோக்கியே இருக்கிறது. 60 பாகைக்கு இறக்கினால் அது பாதியளவாகும், இழுவையும் கூடும்; அப்போதுதான் விசையோடு வந்தாலும் சரிவாக இறங்கும். ஒரே பலகையை 60-க்கு மடித்தால் காற்று அதன் மேற்பரப்பை ஒட்டாமல் பிரிந்துவிடும். ஆகவே இரண்டு துண்டு ஃபிளாப், இறக்கை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, நடுவே 4 மி.மீ. இடைவெளி. மூக்கு பலமாகக் கீழே இழுக்கும். கிடைவாலைச் செங்குத்து வாலின் உச்சிக்கு ஏற்றுங்கள். கீழே இருந்தால் கலங்கிய காற்றில் ஆடும்.

இறங்கும்போது வேகத்தை எலிவேட்டரால் (மூக்கை ஏற்றி இறக்கும் வால்பலகை) பிடியுங்கள், உயரத்தைத் திராட்டலால். வழக்கமான விமானம் ஓட்டியவர்களுக்கு இது கைவர நாளாகும். மறுபடி மேலேற வேண்டுமென்றால் முதலில் திராட்டல், பிறகு ஃபிளாப்பை மெல்ல 30-க்கு. சடக்கென்று மடக்கினால் தரையில்தான் போய் நிற்கும்.

கூலிம் காற்று:
சத்தம் முக்கியமாக அலகு நுனியின் வேகத்தில் இருக்கிறது. உங்களுடையது விநாடிக்கு 146 மீட்டர். 8 அங்குலப் புரொப்பெல்லரை 9,000 சுற்றில் ஓட்டினால் கிட்டத்தட்ட அதே தள்ளுவிசை கிடைக்கும், நுனிவேகம் 96-க்கு வந்துவிடும். கேவி (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற அளவு) குறைந்த மோட்டார் வாங்க வேண்டும். எடை கொஞ்சம் ஏறும், ஏறட்டும். மலேசிய விமான நிறுவனமான பெர்ஜாயா ஏர் பங்கோர், தியோமான் தீவுகளுக்கு ஓட்டிய டேஷ் 7 விமானமும், மெதுவாகச் சுற்றும் பெரிய புரொப்பெல்லர்களால்தான் சத்தம் குறைந்து பறந்தது.

முழு அளவு விமானத்துக்கும் இறங்கு சரிவுதான் உயிர். விளம்பரங்களில் ஓடுதூரத்தை மட்டும் சொல்வார்கள். திடலோரம் 15 மீட்டர் செம்பனை நின்றால், 3 பாகைச் சரிவில் மரத்தலையிலிருந்து தரை தொட 286 மீட்டர் ஆகும், 7.5 பாகையில் 114. 1987-இல் திறந்த லண்டன் சிட்டி விமான நிலையத்தில் டேஷ் 7 இறங்கியது இந்த 7.5-இல்தான்.

சிப்புட் சிறகு:
நன்றி அண்ணே. ஓரத்து மோட்டார் ஒன்று நடுவானில் நின்றால்?

பீடோர் விசை:
அந்தப் பக்கம் தூக்கு குறைந்து உருண்டுவிடும். இந்த வேகத்தில் ஐலரான் (உருளலைத் திருத்தும் இறக்கைப் பலகை) மட்டும் போதாது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அனுப்பும் சுற்று எண்ணிக்கையைப் பார்த்து, எதிர்ப்பக்க ஓரத்து மோட்டாரையும் உடனே நிறுத்தும்படி எழுதுங்கள். மிஞ்சிய ஆறு மோட்டாரில் நிலைத்துப் பறக்கும் வேகத்தை விடக் குறைத்து இறங்கவே கூடாது.

காற்றையும் கவனியுங்கள். 5 மீட்டர் வேகத்தில் வரும்போது எதிரே 1.5 மீட்டர் வீச்சு வந்தால் தூக்குவிசை 1.5 மடங்குக்கு மேல்கூடப் போகலாம். காலை 9-க்குள் முடித்துக்கொள்ளுங்கள். மோட்டார் நிறுத்தத்தை முதலில் மேசையில் விமானத்தைக் கட்டிவைத்து, எட்டையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துச் சோதியுங்கள்.