பேமானி, பேஜார், கஸ்மாலம்: பொருள் எங்கே நழுவியது?

கேள்வி:
மெட்ராஸ் பாஷையின் பழைய சொற்களுக்கு வேர் தேடுகிறேன். பேமானி, பேஜார், கஸ்மாலம், டுபாக்கூர் என நான்குக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

பதில் 1:
பேமானியில் தொடங்குங்கள், அதில்தான் தடம் தெளிவாக இருக்கிறது. உருதுவில் 'ஈமான்' என்றால் நம்பிக்கை, நேர்மை. 'பே' என்பது இல்லாமையைக் குறிக்கும். நேர்மை கெட்ட ஆள் 'பேஈமான்'. அவன் செய்யும் மோசடி 'பேஈமானி'. தமிழுக்கு வந்தது மோசடியின் பெயர். அதைத் தூக்கி ஆளுக்கே வைத்துவிட்டோம். "டேய் பேமானி" என்பது மூலத்தின்படி "டேய் மோசடி" என்று கூப்பிடுவதுதான்!

பேஜாரில் நடந்தது நேர்மாறு. உருது 'பேஸார்' சலித்துப்போன மனிதரைச் சொல்வது. நாமோ சலிப்பைத் தரும் தொல்லைக்கு அதை மாற்றி, "ஒரே பேஜாராப் போச்சு" என்கிறோம். ஆகவே மூலச்சொல் குறிப்பது ஆளையா, குணத்தையா, நிலையையா என்று முதலில் பாருங்கள்.

பதில் 2:
கஸ்மாலத்துக்குப் பலரும் கீதையைக் காட்டுவார்கள். 2ஆம் அத்தியாயம், 2ஆம் சுலோகத்தில் கண்ணன் சொல்லும் 'கஸ்மலம்' அதே சொல்தான். ஆனால் அங்கே அது அர்ச்சுனனின் மனத்தளர்ச்சி. வடமொழியில் அழுக்கு என்றும் அதற்குப் பொருள் உண்டு. வசவுக்கு நெருக்கமானது அதுதான். புகழ்பெற்ற மேற்கோளை மட்டும் பிடித்துக்கொண்டால் தடம் தவறிவிடும்.

டுபாக்கூர் துபாஷியிலிருந்து வந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். துபாஷி என்பவர் கிழக்கிந்தியக் கும்பினிக் கால மொழிபெயர்ப்பாளர். ஏமாற்று, போலி என்ற டுபாக்கூரின் பொருள் அவருக்கு ஒட்டுவதுபோல் தெரியும். ஆனால் 'ஷி' எப்படி 'க்கூர்' ஆகும்? அதேபோல் மாறிய இன்னொரு சொல்லைக் காட்டட்டும்.

கேட்டவர்:
நன்றி. எந்த அகராதியில் தேடுவது?

பதில் 1:
வின்சுலோ (1862), சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–36), உருதுவுக்குப் பிளாட்ஸ் (1884). மூன்றுமே சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஜ போட்டுக் கிடைக்காவிட்டால் ச, ஸ போட்டும் தேடுங்கள். அப்படியும் இல்லையென்றால், அந்தக் காலத்தில் சொல்லே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வசவுச் சொற்கள் ஏட்டில் ஏறாமலே வாயில் புழங்கும்.

சேர்ந்த சொற்களைப் பிரித்துத் தேடுங்கள். சாவுகிராக்கியில் 'கிராக்கி' சந்தையில் சரக்குக்கு இருக்கும் தேவை. ரிக்‌ஷாக்காரர் பேச்சில் சவாரிக்கு வரும் ஆள். வண்டிக்குக் குறுக்கே பாய்கிறவர் சாவுக்கு வந்த கிராக்கி.