சிங்கப்பூரில் எச்பிஎல் (வீட்டிலிருந்தே இணையம்வழிப் படிக்கும்) நாளில் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவதா, விட்டுவிடுவதா?

செங்காங் அம்மா:
மகன் உயர்நிலை இரண்டு. மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வீட்டிலிருந்து படிக்கிறான். கோவிட் காரணமாக 2020 ஏப்ரல் 8 அன்று பள்ளிகள் முழுக்க எச்பிஎல்லுக்கு மாறியபோது சின்னப் பையன், பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டியிருந்தது. இன்றும் எச்பிஎல் நாளில் வேலைக்கு விடுப்பு எடுத்து உட்காருகிறேன். "வளர்ந்த பையன், விட்டுவிடு" என்கிறார் கணவர். நான் எழுந்து போனால் எஸ்எல்எஸ் (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) பாடம் கணினியில் திறந்திருக்கும், பக்கத்தில் டேப்லெட்டில் யூடியூப் ஓடும். உங்கள் வீட்டில் எப்படி?

ஈசூன் அப்பா:
உங்கள் கணவர் பக்கம்தான் நான். 2021ல் கல்வி அமைச்சு இந்த நாட்களை உயர்நிலைப் பள்ளிகளுக்கு வழக்கமாக்கியதன் நோக்கமே, பிள்ளை தானே திட்டமிட்டுப் படிக்கப் பழகவேண்டும் என்பது. எதை முதலில் முடிப்பது, எப்போது ஓய்வெடுப்பது என்று அவன் தீர்மானிக்கட்டும். என் மகள் ஒருமுறை அறிவியல் பயிற்சியை அனுப்ப மறந்து ஆசிரியரிடம் பேச்சு வாங்கினாள். அப்புறம் அவளாகவே செய்யவேண்டியதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்ட ஆரம்பித்தாள். நான் நினைவூட்டியிருந்தால் அந்தத் தாள் வந்திருக்காது.

செங்காங் அம்மா:
அண்ணே, உங்கள் மகள் பேச்சு வாங்கினால் திருந்துகிற பிள்ளை. என் மகன் பேச்சு வாங்கினால் இரண்டு நாள் புத்தகத்தையே தொடமாட்டான். இன்னொன்றும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் ஒரு ஸூம் வகுப்புக்குள் வெளியாட்கள் புகுந்து பிள்ளைகளுக்கு ஆபாசப் படம் காட்டியதும், அமைச்சு ஸூமையே நிறுத்திவைத்ததும் நினைவிருக்கிறதா? பாதுகாப்பைக் கூட்டிய பிறகுதான் திரும்ப அனுமதித்தார்கள். அன்றிலிருந்து திரையோடு பிள்ளையைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

உட்லண்ட்ஸ் தாதி:
உட்காருவதா விடுவதா என்று யோசிக்கவே வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே. 2020ல் நான் வார்டில், கணவர் கிடங்கில். இருவருமே அத்தியாவசியச் சேவை. பார்த்துக்கொள்ள ஆளில்லாத எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்திருந்தது, அங்கேயே அனுப்பினோம். அக்கா, விடுப்பு எடுக்க முடிகிற உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் உட்கார்ந்தால்தான் பாடம் முடியும் என்பது வழக்கமாகிவிட்டால் இரவுப் பணி முடிந்து தூங்குகிற என்னைப் போன்றவர்களின் பிள்ளைகள் பின்தங்கிப் போவார்கள்.

ஜூரோங் தமிழாசிரியை:
வகுப்பு எடுப்பவளாகச் சொல்கிறேன். வாய்மொழிப் பயிற்சிக்கு ஒரு பத்தியை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பச் சொல்வோம். சில பதிவுகளில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அம்மா கிசுகிசுப்பது கேட்கும், பிள்ளை அதையே திரும்பச் சொல்லும். பின்னால் குக்கர் விசில் வேறு. அந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து தடுக்குகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தப்பும் தவறுமாக வாசித்து அனுப்பினால்தான் மறுநாள் அதைச் சரிசெய்ய முடியும். தொடக்கநிலை ஒன்று, இரண்டு என்றால் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுக்கவாவது ஆள் வேண்டும், சரி. உயர்நிலைப் பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி தேவையே இல்லை.

செங்காங் அம்மா:
ஆசிரியை சொல்வது தமிழுக்குப் பொருந்தும். நான் பதில் சொல்லிக் கொடுப்பதில்லை, யூடியூப் பக்கம் போகாமல் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஈசூன் அப்பா:
அதற்கு விடுப்பு எதற்கு? உயர்நிலைப் பிள்ளைகளின் கணினியில் பள்ளியின் கட்டுப்பாடு உண்டு. பள்ளி நேரத்துக்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு எப்படி இருக்கவேண்டும் என்பதைக்கூடப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். படிக்கும் நேரத்தில் அந்த டேப்லெட்டை அவனிடமிருந்து வாங்கி அலமாரியில் வையுங்கள், நீங்கள் வேலைக்குப் போங்கள். மாலையில் வந்து, "இன்று எதைச் செய்தாய், காட்டு" என்று கேளுங்கள்.

உட்லண்ட்ஸ் தாதி:
நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். பாதி முடிக்காமல் வைத்திருக்கும் நாளும் உண்டு. மிச்சத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிக்கச் சொல்வேன். ஆளே இல்லாமல் விட பயமாக இருந்தால், அக்கா, எச்பிஎல் நாளிலும் தேவைப்படும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம். வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

செங்காங் அம்மா:
பள்ளிக்குப் போகச் சொன்னால் இவன் ஒப்புக்கொள்ளமாட்டான். டேப்லெட்டை எடுத்து வைக்கிறேன். ஆனால் விடுப்பை விடமாட்டேன், இந்த வருடம் முடியும்வரை பக்கத்து அறையிலாவது இருப்பேன். அவன் குணம் எனக்குத்தான் தெரியும்.