புதுப்பிப்பு: டிரெய்லரில் சுடுதண்ணீர் வராத பிரச்சினை தீர்ந்தது

குளிர்காலம் முடிந்து வெளியே எடுத்த டிராவல் டிரெய்லரில் (வண்டியில் இழுத்துப் போகும் நடமாடும் வீடு) சுடுதண்ணீர்க் குழாயிலும் பச்சைத்தண்ணீரே வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, பைபாஸ் வால்வை, அதாவது தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் திருப்பிவிடும் வால்வை, பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. ஹீட்டருக்குப் பின்னால் மூன்று வால்வுகள். நடுவில் உள்ளது திறந்தும் மற்ற இரண்டும் மூடியும் இருந்ததால் தண்ணீர் ஹீட்டர் தொட்டிக்குள் போகாமலே சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. மாற்றியதும் பம்ப் வெகுநேரம் ஓடி, குழாய் புஸ்புஸ்ஸென்று காற்றைத் துப்பி, அப்புறம் சீராக வந்தது. தொட்டி நிரம்பும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் கருகிவிடும். எதிர்பாராத விஷயம், வெளிப்புற ஷவரில் பிங்க் ஆன்டிஃப்ரீஸ் (குளிரில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க ஊற்றும் திரவம்) இன்னும் தேங்கிக் கிடந்தது, அதை யாருமே சொல்லவில்லை! கடைசியாக, கிருமி நீக்க, 57 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி வாசனையில்லாத பிளீச் கலந்து எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, இரவு முழுக்க வைத்து, வாடை போகும்வரை அலசினேன்.