பிரிட்டனியின் எலும்பு மாடங்கள்: தோண்டி எடுப்பது முறையா?

ஜார்ஜ்டவுன் வாசகி:
வணக்கம். கல்லறைத் திருநாளன்று பினாங்கில் எங்கள் தாத்தாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, பிரான்சில் படிக்கும் என் மகன் ஒரு படம் அனுப்பினான். அந்நாட்டின் வடமேற்குப் பகுதியான பிரிட்டனியில் லா ரோஷ் மோரிஸ் என்னும் ஊரின் தேவாலயத்தருகே வரிசையாகச் சன்னல்கள் வைத்த கல் மாடமும், அதன் சுவரில் அம்பேந்திய எலும்புக்கூடும் அதில் இருந்தன. புதைத்தவர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து அங்கே வைத்தார்களாம். அடக்கம் செய்தவரை அசைப்பது பாவமல்லவா என்று அத்தை கேட்கிறார். இவ்வழக்கம் எப்படி வந்தது?

ஆயர் ஈத்தாம் வாசகர்:
அம்மா, முதற்காரணம் இட நெருக்கடிதான். ஊரார் தேவாலயத்தின் தரைக்கடியிலும் அதைச் சுற்றிய மதிலுக்குள்ளும் மட்டுமே அடக்கமாக விரும்பியதால், சதை மண்ணான பிறகு எலும்புகளை எடுத்துவிட்டு அதே குழியை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தேவாலயத்துக்குள் புதைப்பதை அங்குள்ள உயர் நீதிமன்றம் 1719இல் தடை செய்தது. ஆனால் மாடங்கள் இத்தனை அழகாக இருப்பதற்கு இட நெருக்கடி காரணமன்று. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆளிநார்த் துணி வணிகத்தில் பணம் சேர்த்த ஊர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கட்டின. சாங் தெகொனெக் ஊரின் மாடம் 1676 முதல் 1682 வரை கட்டப்பட்டது.

உங்கள் மகன் பார்த்த மாடம் 1639ஆம் ஆண்டினது. அந்த எலும்புக்கூட்டின் பெயர் அங்கூ, சாவின் ஏவலாள். ஆண்டின் கடைசியில் இறந்தவரே அடுத்த ஆண்டு அங்கூவாகி, கிரீச்சிடும் வண்டியில் ஊரைச் சுற்றுவார் என்பது நம்பிக்கை. தீர்த்தத் தொட்டிக்கு மேலேயே அவரைச் செதுக்கி, 'உங்கள் எல்லோரையும் கொல்கிறேன்' என்று பிரெஞ்சு மொழியில் பொறித்திருக்கிறார்கள். விரல் நனைக்க வருபவர் அவர் முகத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது; சிற்பி குறும்புக்காரர்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்:
அத்தையிடம் மண்டையோட்டுப் பெட்டிகளைப் பற்றியும் சொல்லுங்கள். சாங் போல் த லெயோன் தேவாலயத்தில் அவை இன்றும் இருக்கின்றன. புறாக்கூண்டு போல் கூரை வைத்த சிறு மரப்பெட்டி, முன்புறம் இதய வடிவத் துளை, அதன் வழியே தெரியும் மண்டையோடு, மேலே இறந்தவரின் பெயர். பொது மாடத்தில் பெயரற்றுக் குவிந்து கிடப்பதை விரும்பாத குடும்பங்கள் இப்படிச் செய்தன. நம்மவர்க்கும் இது முற்றிலும் புதிதன்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் சிலவற்றில் எலும்புகளைப் பிறகு பொறுக்கி இட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சஞ்சயனம் செய்தபோது, பால் தெளித்து எலும்பை நானே பொறுக்கினேன். கை நடுங்கியது, பாவமென்று தோன்றவில்லை.

ஜார்ஜ்டவுன் வாசகி:
நன்றி ஐயா. படித்துக் காட்டினேன். அத்தை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பெட்டியில் பெயரை யார் எழுதுவார்கள் என்று மட்டும் கேட்டார்.