மெய்நிகர் கணினிகளுக்கு ஐபி முகவரி ஒதுக்கியதில் கிடைத்த அனுபவங்கள்

பாளையங்கோட்டை உறுப்பினர்:

இங்குள்ள ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தை நான் பராமரித்து வருகிறேன். மாணவர்களின் பயிற்சிக்காக ஒரே சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் என்னும் மென்பொருளை நிறுவி, அதற்குள்ளேயே தனிக் கணினிகள் போல இயங்கும் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்கி, அவற்றை பிரிட்ஜ் முறையில் ஆய்வக நெட்வொர்க்குடனேயே இணைத்தேன். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் ஐபி முகவரிகளை 192.168.1.101 முதல் 112 வரை நானே நிலையாகக் கொடுத்தேன். கேட்கும் கருவிகளுக்கு ரவுட்டர் தானாகவே தன் டிஹெச்சிபி தொகுப்பிலிருந்து வழங்கும் முகவரிகளும் 100 முதல் 200 வரைதான் என்பதை அப்போது பார்க்கத் தவறிவிட்டேன்.

மூன்று மாதங்கள் ஒரு குறையும் தெரியவில்லை. ஆடிக் காற்றில் மின்சாரம் போய்த் திரும்பிய ஒரு காலையில், சர்வர் எழுந்து வருவதற்குள் பிரிண்டர் முகவரி கேட்டிருக்கிறது. 104 யாரிடமும் இல்லை என்று கருதிய ரவுட்டர் அதையே கொடுத்துவிட்டது. பிறகு எழுந்த மெய்நிகர் கணினியும் 104 தனக்கே உரியது என்று எடுத்துக்கொள்ள, மாணவர்களின் இணைப்பு ஒரு நிமிடம் கிடைப்பதும் மறு நிமிடம் அறுவதுமாக இருந்தது. கேபிளையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்தே அரை நாள் போயிற்று. எந்த ஐபி முகவரி எந்தக் கருவியிடம் உள்ளது என்று காட்டும் ஏஆர்பி பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்த பின்புதான், ஒரே ஐபி முகவரிக்கு நேரே இரண்டு மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்கள்) மாறி மாறி வருவது தெரிந்தது. இப்போது டிஹெச்சிபி தொகுப்பை 50 முதல் 149 வரை என்று மாற்றி, 200க்கு மேற்பட்டவற்றை மெய்நிகர் கணினிகளுக்கென்றே ஒதுக்கிவிட்டேன்.

அம்பாசமுத்திரம் உறுப்பினர்:

அண்ணாச்சி, எனக்கு நேர்ந்தது இதற்கு மறுபக்கம். உபுண்டு இயங்குதளம் நிறுவிய ஒரு மெய்நிகர் கணினியிலிருந்து ஐந்து நகல்கள் எடுத்தேன். மேக் முகவரிகள் வெவ்வேறாக இருந்தும், டிஹெச்சிபி ஐந்துக்கும் ஒரே முகவரியையே கொடுத்தது. உபுண்டு சர்வர் முகவரி கேட்கும்போது மேக் முகவரியைக் கொண்டு அல்லாமல், மெஷின்-ஐடி என்னும் கோப்பிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைக் கொண்டு தன்னை அறிவிக்கிறது என்பதையும், நகலெடுக்கும்போது அந்தக் கோப்பும் சேர்ந்தே வந்துவிட்டது என்பதையும் மிகத் தாமதமாகவே அறிந்தேன். மூலக் கணினியில் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிட்டு நகலெடுத்தால், ஒவ்வொன்றும் முதல்முறை எழும்போது புதிய அடையாளத்தை உருவாக்கிக்கொள்கிறது. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புகளை எழுதும் நெட்பிளானில் மேக் முகவரியையே அடையாளமாகக் கொள்ளும்படி எழுதுவதும் ஒரு வழிதான். ஆயினும் மெஷின்-ஐடியை வேறு நிரல்களும் பயன்படுத்துவதால், முதல் வழியே சரியானது என்பது என் உறுதியான கருத்து.

வள்ளியூர் உறுப்பினர்:

மெய்நிகர் கணினிகளை இயக்கும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு கணினிகளுக்கும் 10.0.2.15 என்றே காட்டுவதைக் கண்டு நானும் மோதல் என்று அஞ்சினேன். மெய்நிகர் கணினி தன்னைத் தாங்கும் கணினியின் முகவரி வழியாகவே வெளியே செல்லும் சாதாரண நாட் முறையில் ஒவ்வொன்றும் தனித்தனி நெட்வொர்க்கில் இருப்பதால் அது பிழையன்று. ஆனால் அவை ஒன்றோடொன்று பேசவும் முடியாது. நாட் நெட்வொர்க் என்ற முறைக்கு மாற்றிய பிறகே இரண்டுக்கும் வெவ்வேறு முகவரிகள் கிடைத்துத் தொடர்பும் ஏற்பட்டது.