பழ ஈ எல்லாம் பாக்க ஒரே மாதிரி, ஆணோட இனப்பெருக்க உறுப்பு மட்டும் ஏன் இனத்துக்கு இனம் மாறுது?

கொழுந்துக்கூடை:

எல்லாருக்கும் வணக்கம். ஏ எல் பயோ எழுதிட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மாதான் இருக்கேன், ஹட்டன் பக்கம். பெரியம்மா மகள் அக்கா கெம்பஸ்ல பழ ஈ பத்தி ப்ரொஜெக்ட் பண்றாங்க, உதவிக்கு ஆள் வேணும்னு என்னையும் இழுத்து விட்டுட்டாங்க. கொய்யா, மாங்காய்ல இருந்து வர்ற ஈயை இனம் இனமா பிரிக்கணும். முதுகுல மஞ்சள் கோடு, றெக்கை, வயித்துல உள்ள அடையாளம் எல்லாம் பாத்தும் சிலது பிரிபடாது, அப்ப அக்கா ஆண் ஈயோட வயித்து நுனிய வெட்டி பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டுல ஊற வச்சு உறுப்ப வெளிய எடுத்து நுணுக்குக்காட்டியில அளக்குறாங்க. வீட்டுல இன்னைக்கு என்ன வேலை செஞ்சேன்னு கேட்டா என்னத்த சொல்றது 😅

கேள்வி இதுதான். இனம் பெருகுறதுக்கே அந்த உறுப்புதானே முக்கியம், அப்போ அதுதானே மாறாம இருக்கணும்? கால் கண்ணு எல்லாம் அப்படியே இருக்க அது மட்டும் ஏன் ஓடி ஓடி மாறுது? பூட்டும் சாவியும் மாதிரி, வேற இனத்தோட சேராம இருக்கத்தான்னு ஒரு இடத்துல வாசிச்சேன். அது சரிதானா?

பேராதனை வண்டு:

தங்கச்சி, அந்தப் பூட்டு சாவி கதை 1844ல டூஃபோர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னது. கேக்க நல்லா இருக்கும், ஆனா எல்லா இடத்துலயும் ஓடாது. சாவி மாறினா பூட்டும் மாறணும் இல்லையா? நிறைய இனத்துல ஆண் தலைகீழா மாறி இருக்கும், பெண்ணுல அந்தளவு வித்தியாசம் தெரியாது.

லெப்ல வளக்கிற சின்ன பழ ஈ ட்ரொசோஃபிலா தெரியும்தானே (நீங்க பிரிக்கிறது வேற குடும்பம், பேரு மட்டும்தான் ஒண்ணு). அதுல மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ், மொரிசியஸ் தீவுல உள்ள மொரிஷியானா, சீஷெல்ஸ்ல உள்ள செசெல்லியான்னு நாலு சொந்தக்கார இனம் இருக்கு. பெண் ஈய வச்சு பிரிக்கிறது பெரும்பாடு. ஆணோட உறுப்புல பின்பக்கம் ஒரு மடல் இருக்கு, அத பாத்த உடனே சொல்லிடலாம், சிமுலன்ஸுக்கு பெருசா வட்டமா இருக்கும், மொரிஷியானாவுக்கு ஒல்லியா இருக்கும். இந்த ரெண்டும் பிரிஞ்சு ஏறக்குறைய இரண்டரை லட்சம் வருஷம்தான்னு கணக்கு. கூர்ப்புல அது நேத்து நடந்த மாதிரி.

1985ல எபர்ஹார்ட்னு ஒரு உயிரியல் ஆய்வாளர் புத்தகம் எழுதி இது இலிங்கத் தேர்வுன்னு, அதாவது துணைக்கான போட்டியாலயும் தெரிவாலயும் வர்ற மாற்றம்னு அடிச்சு சொன்னார். பூச்சியில சேர்க்கை முடிஞ்சாலும் கதை முடியாது. பெண் விந்த ஒரு பைக்குள்ள சேத்து வச்சுக்கும், ரெண்டு மூணு ஆணோட விந்து ஒண்ணா இருக்கும், எதை பாவிக்கிறதுன்னு உள்ளுக்குள்ளயே ஒரு தெரிவு நடக்கும். அதனால ஆணோட உறுப்பு சும்மா விந்து கொண்டு போற குழாய் மட்டும் இல்ல, பெண்ணோட உடம்பை தூண்டி தன் பக்கம் சாய்க்கிற வேலையும் அதுக்கு இருக்குன்னு அவர் சொல்றார். பெண்ணோட விருப்பம் கொஞ்சம் அசைஞ்சாலும் ஆணோட வடிவம் அது பின்னாலயே ஓடணும், நிக்க இடமே இல்ல. காலுக்கு கண்ணுக்கு அந்த ஓட்டம் இல்ல, நடக்க முடிஞ்சா சரி.

பழைய பயோ வாத்தி:

தம்பி சொன்னது சரி, ஆனா எல்லாத்தையும் பெண்ணோட விருப்பம்னே வச்சிராதீங்க. சண்டையும் இருக்கு. கடையில வாங்கி டின்னுல போட்ட கவ்பியில ஓட்டை போடுற வண்டு எல்லார் வீட்டுலயும் பாத்திருப்பீங்க. அதுல ஆணோட உறுப்பு நுனி முழுக்க முள்ளு. சேரும்போது பெண்ணுக்கு உள்ளுக்கு கிழிஞ்சு காயமாகும், பெண் பின்னங்காலால உதைக்கும். முள்ளு நீளமான ஆணுக்குத்தான் கூடுதலா முட்டை கருக்கட்டுதுன்னு கண்டிருக்காங்க, அதனால முள்ளு குறையாது. அந்த வண்டுக்கு சொந்தக்கார இனங்களையும் எடுத்து பாத்தாங்க, 2007ல வந்த ஆய்வு, ஆண் எந்த இனத்துல கூடுதலா காயம் பண்ணுதோ அந்த இனத்துப் பெண்ணோட பாதையில சுவர் தடிப்பா இருக்கு. ஒருத்தர் கூட்ட மத்தவர் தடுக்க, இப்படியே போனா இனத்துக்கு இனம் மாறாம என்ன செய்யும்.

ஊசித்தும்பிய விட்டுட்டா பாவம். அதுக்கு உறுப்பு வாலடியிலயே இல்ல, வயித்து ரெண்டாவது கண்டத்துக்கு கீழ. 1979ல வாகேன்னு ஒரு ஆய்வாளர் அமெரிக்க ஊசித்தும்பி ஒண்ணுல காட்டினார், ஆண் தன் விந்த விடுறதுக்கு முன்னால அந்த உறுப்பாலயே முந்தின ஆணோட விந்த சுரண்டி வெளிய எடுத்துரும், கிட்டத்தட்ட முழுசா. வகுப்புல இத சொன்னா பின் வாங்குல இருக்கிற பயலுகளும் எழும்பி உக்காருவானுக.

இன்னொண்ணு, பெண்ணுல வித்தியாசம் இல்லன்னு சொல்றதுல பாதி, யாரும் ஒழுங்கா பாக்காததாலதான். ஆணோடது கெட்டியா இருக்கும், வெட்டி எடுத்து படம் வரையலாம். பெண்ணோடது மென்மையான தசை, உள்ளுக்கு மடிஞ்சு கிடக்கும். கஷ்டம்னு விட்டுட்டாங்க. மெலனோகாஸ்டர் கூட்டத்துப் பெண்கள்லயும் இப்ப நுணுக்கமான வித்தியாசம் கண்டுபிடிச்சிட்டாங்க.

மஸ்கெலியா மழை:

சேர் வணக்கம். நான் படிச்சவன் இல்ல, தோட்டத்துல ஃபீல்ட் வேலை. எங்க மலையில தேயிலை கிளைய துளைக்கிற ஷொட் ஹோல் போரர் வண்டு இருக்கே, அது துளைக்குள்ளயே அண்ணன் தங்கச்சி சேருதுன்னு ஒருக்கா ட்ரெய்னிங்ல சொன்னாங்க. அப்போ அங்க போட்டிக்கு வேற ஆணே இல்லையே, அதுக்கும் இந்தக் கதை பொருந்துமா?

பேராதனை வண்டு:

அண்ணே படிச்சவன் இல்லன்னு சொல்லி இப்படி கேக்குறீங்க 🙏 இந்த த்ரெட்டுலயே நல்ல கேள்வி இதுதான். அந்த வண்டுல ஆண் சின்னது, பறக்காது, பிறந்த துளைக்குள்ளயே கூடப் பிறந்ததுகளோட சேரும். வெளி ஆணோட போட்டி குறைவுன்னா இந்த நெருக்குதலும் குறைவா இருக்கும்னுதான் எதிர்பாக்கணும். அந்த வண்ட 1868ல ஐக்ஹொஃப்னு ஒரு பூச்சி ஆய்வாளர் நம்ம சிலோன்ல இருந்து போன மாதிரிய வச்சுதான் விவரிச்சார், ரொம்ப காலமா ஒரே இனம்னு நினைச்சது 2018, 2019ல நாலு இனமா பிரிஞ்சிருச்சு. பிரிச்சது டிஎன்ஏவையும் பெண் வண்டோட உடம்பு அளவையும் வச்சு. ஆண் கையில கிடைக்கிறதே அபூர்வம்ங்கிறதும் அதுக்கு ஒரு காரணம்.

கொழுந்துக்கூடை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், கவ்பி டின்ன இனி பழைய மாதிரி பாக்க முடியாது. ஒரு சந்தேகம், இவ்வளவு சீக்கிரமா புது பாகம் எப்படி வரும்? அந்த மடலுக்கு ஜீன் எங்க இருந்து வந்துச்சு? அப்புறம் அக்கா அளக்குற அளவ நம்பலாமா?

பேராதனை வண்டு:

புதுசா ஜீன் வரல. 2015ல காட்டினாங்க, ட்ரொசோஃபிலா புழுவா இருக்கும்போது பின்பக்கம் மூச்சு விடுற துவாரத்தை கட்டுற அதே ஜீன் கூட்டத்தை எடுத்துத்தான் ஆண் மடலையும் கட்டியிருக்கு. பழைய சாமான்ல புது வேலை. இனத்துக்கு இனம் வடிவம் மாறுறதுக்கு ஒரு ஜீன் இல்ல, நிறைய ஜீன் கொஞ்சம் கொஞ்சமா சேருது.

அளவு பத்தி, கவனம். உங்க கையில இருக்கிறதுல கண்டி பேரையே வச்ச பக்ட்ரொசெரா கண்டியென்சிஸும் இருக்கலாம், 1994ல ட்ரூவும் ஹான்கொக்கும் பேர் வச்சது, அதே சாதியில உள்ள டோர்சாலிஸ்ங்கிற இன்னொரு பழ ஈக்கு அச்சு அசல். அந்த டோர்சாலிஸ் கூட்டத்துல ஆணுறுப்பு நீளத்தையும் ஒரு ஆதாரமா வச்சு முந்தி சில இனங்களை பிரிச்சிருந்தாங்க, பிறகு பாத்தா இடத்துக்கு இடம் நீளம் படிப்படியா மாறுது, நடுவுல கோடு போட இடமில்ல. 2015ல பப்பாயே, இன்வாடன்ஸ்னு தனி இனமா பிரிச்சிருந்ததை டோர்சாலிஸுக்குள்ளயே திருப்பி சேத்துட்டாங்க. அதனால நீளத்தை மட்டும் பாத்து பேர் எழுதாதீங்க. எந்தப் பழம், எந்த ஊர், எவ்வளவு உயரம்னு லேபல்ல எழுதி, ஈயோட ஒரு காலை அல்கஹோல்ல தனியா எடுத்து வைக்க சொல்லுங்க அக்காகிட்ட, பிறகு டிஎன்ஏ பாக்க உதவும்.

பழைய பயோ வாத்தி:

ஆத்தோரம் ஊசித்தும்பி பிடிக்க ஆசை வந்தா பெர்மிட் இல்லாம வலைய தூக்கிட்டு போயிராதீங்க பிள்ளை, நம்ம நாட்டுல பல தும்பி பாதுகாக்கப்பட்டது.